தூக்கிய காலை விடுங்கள், ஊன்றிய காலைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கு உதவும். காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றுகிறவர்கள் முகப்பில் வைக்க நான்கு நாட்டியச் சிலைகள் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் பரதநாட்டியப் படங்களைப் பார்த்து மண்ணில் மாதிரி செய்திருக்கிறீர்கள். முத்திரை சரி, சலங்கை சரி, தலைசாமான் கூடச் சரி, ஆனால் நிறுத்தி வைத்துப் பார்த்தால் கொலுப்பொம்மை மாதிரி இருக்கிறது, உள்ளே ஒரு மனுஷி இருக்கிறாள் என்று தோன்றவில்லை. அந்த உயிர்ப்பு எங்கிருந்து வரும், நம் பக்கத்துக் கோயில்களில் எதைப் பார்த்தால் பிடிபடும் என்பது கேள்வி.

நான் ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. திருப்பணிக் கொட்டகைகளில் நிறையப் பொழுதைக் கழித்தவன், கொஞ்ச காலம் சுதை (சுண்ணாம்புச் சாந்தில் உருவம் செய்யும்) வேலையும் பழகியவன், அவ்வளவுதான். அதனால் சாஸ்திரத்தைவிடக் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அதிகம் சொல்வேன்.

உங்கள் மாதிரிகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கிலும் ஒரே குறை. ஆடுகிற பெண்ணுக்கு எடையே இல்லை. ஒரு கால் தூக்கியிருக்கிறது, ஆனால் அதற்காக மற்றக் கால் எதுவும் செய்யவில்லை. முழங்கால் விறைப்பாக நிற்கிறது, இடுப்பு நகரவில்லை, தோள் இரண்டும் மட்டம் பார்த்து வைத்த மாதிரி ஒரே உயரத்தில். நிஜத்தில் அப்படி நின்றுகொண்டு காலைத் தூக்கிப் பாருங்கள், அடுத்த நொடி சுவரைப் பிடிப்பீர்கள். பார்க்கிறவர்களுக்கு இதை வாயால் சொல்லத் தெரியாது, "என்னமோ குறையுதே" என்று மட்டும் சொல்வார்கள், ஆனால் அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

உயிர்ப்பு முகத்தில் இருக்கிறது என்று நினைத்துத்தான் பெரும்பாலும் எல்லோரும் கண்ணையும் புன்னகையையும் நோண்டிக்கொண்டே இருக்கிறோம். நடனச் சிலையில் அது ஊன்றிய காலில் இருக்கிறது என்பது என் எண்ணம். பாரத்தை எங்கே தாங்குகிறாள், எவ்வளவு சிரமப்பட்டுத் தாங்குகிறாள், அந்தச் சிரமத்தை வெளியே விடாமல் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதில்தான் ஒரு ஆளின் மனசு தெரியும்.

மதுரையில் இதற்கு ஒரு கதையே உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். மற்ற ஊர் நடராசருக்குப் பெரும்பாலும் இடது கால் தூக்கியிருக்கும், மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் கால் மாறி, வலது காலைத் தூக்கி ஆடுகிறார். ராஜசேகர பாண்டியன் அறுபத்து நான்கு கலைகளில் ஆடல் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கற்றிருந்தானாம். கடைசியில் அதையும் கற்கத் தொடங்கியபோது உடம்பெல்லாம் நோவு. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது: கொஞ்ச நேரம் ஆடியதற்கே நமக்கு இப்படி வலிக்கிறதே, இவர் எத்தனை காலமாக ஒரே காலில் நிற்கிறார்? போய் அழுது கேட்கிறான், காலை மாற்றி ஆடுங்கள் என்று. மாற்றவில்லை என்றால் வாளில் விழுந்து உயிரை விடுவேன் என்கிறான். அவரும் மாற்றினார்.

இதைப் பக்திக் கதையாக எல்லோரும் சொல்வார்கள், சரி. சிற்பம் செய்கிறவன் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ராஜா பலமுறை அந்தச் சன்னதிக்குப் போயிருப்பான், தூக்கிய திருவடியைத்தான் பார்த்திருப்பான். தான் ஆடி, தன் கால் வலித்த பிறகே ஊன்றிய கால் அவன் கண்ணில் படுகிறது. சைவ சித்தாந்தம் தூக்கிய பாதத்தில் அருளும் ஊன்றிய பாதத்தில் மறைத்தலும் என்று சொல்லும், அது தத்துவம், அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் களிமண்ணோடு உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அந்த மறைந்த கால்தான் வேலை. சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி எதையாவது பக்கவாட்டில் நின்று பாருங்கள். சடை பறக்கிறது, வயிற்றில் கட்டிய உதரபந்தத்தின் நுனி பறக்கிறது, முகம் அசையாமல் இருக்கிறது, கீழே முழங்கால் மடங்கி மொத்த ஆட்டத்தையும் வாங்கி முயலகன் முதுகில் இறக்குகிறது. அந்த முழங்காலை நிமிர்த்திவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் அலங்காரம்.

நம்முடைய ஆட்டமே தரையை நோக்கிய ஆட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். பரதநாட்டியத்தில் முதலில் சொல்லித் தருவது அரைமண்டியும் தட்டடவும்தான். உட்காரு, தரையைத் தட்டு. ஐரோப்பியர்களின் பாலே தரையைவிட்டு எழும்பப் பார்க்கிறது, நம்முடையது தரையைத் தேடுகிறது. உங்கள் நான்கு சிலைகளும் பரதநாட்டிய உடுப்பு போட்டுக்கொண்டு பாலேக்காரர்கள் மாதிரி நுனிக்காலில் மிதக்கின்றன, பாருங்கள்.

ஸ்தபதிகள் இதற்கு வைத்திருக்கிற வழி ஒரு நூல். உச்சந்தலையிலிருந்து தொங்கவிட்ட நூல், பிரம்ம சூத்திரம் என்பார்கள். நேராக நிற்கும் உருவத்தில் அது மூக்கு, தொப்புள் வழியாக இறங்கி இரண்டு குதிகாலுக்கும் நடுவில் வரும், அது சமபங்கம். லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபங்கம். தலை ஒரு பக்கம், மார்பு மறுபக்கம், இடுப்பு திரும்பவும் இந்தப் பக்கம் என்று மூன்று வளைவு வந்தால் திரிபங்கம். ஆட்டமும் போரும் அதிபங்கம், அங்கே உடம்பு நூலைவிட்டு எங்கெங்கோ போகும். ஆனால் எவ்வளவு வெளியே போனாலும் நூலின் இந்தப் பக்கம் போனதற்கு அந்தப் பக்கம் ஒரு பதில் இருந்தே ஆக வேண்டும். கை இப்படிப் போனால் இடுப்பு அப்படிப் போகும். கம்பிக்கூடு கட்டும்போதே ஒரு தூக்குக்குண்டைத் தலைக்கு மேலிருந்து தொங்கவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண் வைத்த பிறகு திருத்துவது பெரும்பாடு, கம்பியிலேயே பாரம் சரியாக விழ வேண்டும்.

அடுத்தது, எந்த நொடியைப் பிடிப்பது. நீங்கள் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் எல்லாமே ஜதி முடிந்து, கேமராவுக்காக நிறுத்திய நிலைகள். அதில் ஆட்டம் ஏற்கெனவே போய்விட்டது. நாட்டிய சாஸ்திரம் வகுத்த ஆட்ட அலகுகளான கரணங்களைக் காட்டும் சிற்பங்களை இதற்காகவே போய்ப் பார்க்க வேண்டும். சிதம்பரம் கோபுர வாயில்களின் உட்சுவரில் 108 கரணங்களும் இருக்கின்றன, ஆடுகிறவர்கள் பெண்கள், பக்கத்தில் சின்னதாகத் தாளக்காரர்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் சிவனே ஆடுகிறார், 81 வரை செதுக்கி மீதி 27 கற்களை வெறுமனே விட்டுவிட்டார்கள். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம் அவர்கள் இந்தச் சிற்பங்களை ஆராய்ந்து ஆடிக் காட்டியபோது முக்கியமாக நிறுவியது, கரணம் என்பது நிற்கும் நிலை அன்று, ஓர் அசைவு என்பது. ஒரே கரணத்தை ஒரு கோயிலில் தொடக்கத்திலும் இன்னொரு கோயிலில் நடுவிலும் பிடித்திருப்பார்கள். ஆக ஒவ்வொரு சிற்பியும் தேர்ந்தெடுத்திருக்கிறான். நீங்களும் தேர்ந்தெடுங்கள். கால் தரையில் விழுவதற்குச் சற்று முன், அல்லது விழுந்து அதிர்வு இடுப்புக்கு ஏறுகிற நேரம். உச்சத்தைத் தொட்ட நொடியை விட்டுவிடுங்கள், அதைக் காலண்டர்காரர்கள் போதுமான அளவு செய்துவிட்டார்கள்.

ஆடவே ஆடாத சிலை ஒன்று இதைவிடப் பெரிய பாடம் சொல்லும். பாரிசில் 1881-இல் தெகா என்ற ஓவியர் ஒரு பதினான்கு வயது பாலே மாணவியை மெழுகில் செய்து காட்சிக்கு வைத்தார். நிஜத் துணிப் பாவாடை, நிஜக் கூந்தல், கண்ணாடிப் பெட்டிக்குள். பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள், அசிங்கம் என்றே எழுதினார்கள். அந்தப் பெண் ஆடவில்லை. கையைப் பின்னால் கோத்து, மோவாயைத் தூக்கி, ஒரு காலை முன்னே வைத்துச் சும்மா நிற்கிறாள். வறுமையான வீட்டுப் பிள்ளை, தினசரிப் பயிற்சி, அடுத்து ஆசிரியர் என்ன சொல்வாரோ என்ற எரிச்சல், கூடவே ஒரு திமிர், எல்லாம் அந்த நிற்கிற விதத்தில் இருக்கிறது. ஆட்டக்காரியின் உடம்பு ஓய்வில் இருக்கும்போதும் ஆட்டக்காரியின் உடம்புதான். உங்கள் நான்கில் ஒன்றையாவது இப்படிச் செய்யலாமே? சலங்கை கட்டக் குனிந்திருப்பவள், ஆடி முடித்து மூச்சு வாங்குகிறவள். விடுதிக்காரர்கள் முதலில் முனகுவார்கள், வைத்த பிறகு வருகிறவர்கள் அதன் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

மறுபடி மதுரைக்கு வருகிறேன். சுவாமி சன்னதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபம், 19ஆம் நூற்றாண்டில் நம் நகரத்தார் திருப்பணியில் புதுப்பித்துக் கட்டியது. அங்கே ஊர்த்துவ தாண்டவராகச் சிவனும், எதிரே காளியும். ஆட்டப் போட்டியில் அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார், அவளால் சபையில் அப்படித் தூக்க முடியவில்லை, தோற்றாள். பெண் கூச்சப்பட்டாள் என்று கதை முடியும், எனக்கு அந்த நியாயத்தில் உடன்பாடு இல்லை, அது கிடக்கட்டும். ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள்: உக்கிரம் தணியட்டும் என்று வெண்ணெய் உருண்டையை அந்தச் சிலைகள் மேல் எறிந்தார்கள். கல்லுக்குக் கோபம் வந்திருக்கிறது, சூடு தணிக்க வேண்டும் என்று ஒரு ஊரே நம்பும்படி செதுக்கியிருக்கிறான் ஒருவன். சுத்தம் பார்க்கிற நிர்வாகத்துக்கு அது தலைவலிதான். அந்தச் சிற்பிக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

கால் தூக்காமலே ஆட்டத்தை வைக்க முடியும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைச் செய்த வை. கணபதி ஸ்தபதி பிள்ளையார்பட்டிக்காரர், 1927-இல் பிறந்தவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணக்குப் படித்தவர், பிறகு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கு நீண்ட காலம் தலைமை வகித்தவர். 2000 ஜனவரி 1 அன்று திறந்த அந்தச் சிலை பீடம் 38 அடி, உருவம் 95 அடி, ஆக 133. இதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இடுப்பைக் கவனித்திருக்கிறீர்களா? நேராக நிறுத்தியிருந்தால் வேலை எவ்வளவோ சுலபம், கல்மேல் கல் அடுக்கிக்கொண்டே போகலாம். அவர் இடுப்பில் ஒரு வளைவு வைத்தார், நாட்டியத் திருமேனிகளில் வருகிற அதே வளைவு. கடலுக்கு நடுவில், அந்தக் காற்றில், உள்ளே கூடாக இருக்கிற 95 அடிக் கருங்கல் உருவத்தை ஒரு பக்கம் ஒசித்து நிறுத்துவது என்பது கணக்கு தெரிந்தவனுக்குத்தான் துணிச்சல் வரும். அந்த ஒசிவினால்தான் அவர் காவலுக்கு நிற்கிற ஆள் மாதிரி இல்லாமல் நம்மிடம் ஏதோ சொல்ல நிற்கிற ஆளாகத் தெரிகிறார். சில பேர் புலவருக்கு எதற்கு ஆட்டக்காரரின் இடுப்பு என்று கேட்பதுண்டு. நான் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை, அந்த வளைவை மனசால் நிமிர்த்திப் பாருங்கள் என்பேன்.

பொருளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் என்ன பொருளில் செய்யப்போகிறீர்கள் என்று எழுதவே இல்லை. கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவதையும் இழுப்பதையும் தாங்காது. நீட்டிய கை தன் எடையிலேயே ஒடியும். அதனால்தான் கல் சிற்பத்தில் ஆடும் உருவங்கள் தூணோடு ஒட்டியே இருக்கின்றன, இல்லாவிட்டால் தூக்கிய காலுக்கும் கைக்கும் நடுவில் ஒரு துணியையோ கொடியையோ விட்டுத் தாங்கு கொடுத்திருப்பார்கள். உலோகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு வார்க்கிறார்கள், கை கால் எப்படி வேண்டுமானாலும் விரியும். அப்படியும் நடராசரின் சடையையும் துணி நுனியையும் சுற்றியுள்ள வளையமான திருவாசியோடு தொட வைத்திருக்கிறார்கள், அழகுக்கு அழகு, பிடிமானத்துக்குப் பிடிமானம். உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டு கோத்துத் தோளில் ஏற்றுவதற்கு. அந்த உருவம் வார்த்த நாளிலேயே, நாலு பேர் தோளில் ஏறி வீதியில் குலுங்கி வரும் என்று தெரிந்துதான் வார்த்திருக்கிறார்கள்.

நம் வீடுகளின் முகப்புக்கு ஏற்றது சுதைதான் என்பது என் கட்சி. செங்கல்லும் சுண்ணாம்பும், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரும். கம்பி போட்ட சிமெண்ட் சீக்கிரம் முடியும், உள்ளே கம்பி துருப்பிடித்தால் விரல்தான் முதலில் வெடிக்கும். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், செட்டிநாட்டு வீடுகளின் மேல் இருக்கிற சுதை உருவங்கள் எல்லாமே உங்களுக்கு நல்ல ஆசிரியர் கிடையாது. நடுவில் கஜலட்சுமி பெரும்பாலும் நன்றாகவே வந்திருக்கும், இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாய்களும் கவுன் போட்ட துரைசானிகளும் விறைத்துப்போய் நிற்பார்கள். வேடிக்கையாக இருக்கும், ரசிக்கலாம், பழகுவதற்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம், ஏன் நான்குமே பரதநாட்டியம்? காரைக்குடியில் வைக்கப்போகிற சிலை. இங்கே மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுக்கிற பெண்கள் நடுவில் ஓடுகளை வைத்துச் சுற்றி நின்று கும்மி அடிக்கிறார்களே, அதில் குனிந்து நிமிர்கிற அந்த முதுகு எந்தக் கரணத்துக்குக் குறைந்தது? வயசான ஆச்சி ஒருவர் நடுவில் புகுந்து கொட்டும்போது முழங்கால் வலியும் இருக்கும், விட்டுக்கொடுக்காத சந்தோஷமும் இருக்கும், இரண்டும் ஒரே உடம்பில். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடி இருக்கிறது. காவடி ஆடுகிறவருக்குத் தோளில் பாரம், காலில் தாளம், முகம் வேறெங்கோ. கரகத்தில் கழுத்துக்கு மேலே ஒன்றும் அசையாது, கழுத்துக்குக் கீழே ஒன்றும் நிற்காது. பாரத்தைச் சுமந்துகொண்டே ஆடுகிற ஆட்டங்கள் இவை, நீங்கள் தேடுகிற மனித உயிர்ப்பு இவற்றில் சலங்கைச் சத்தத்தோடு வந்து நிற்கிறது. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் வேண்டும் என்றால் விராலிமலை பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தக் கோயிலில் ஆடிய மரபின் கடைசித் தலைமுறையான முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் வயதான பிறகு ஆடிய காணொளிகள் கிடைக்கும், காலைத் தூக்க முடியாத வயதில் கையும் கண்ணும் இடுப்பும் எப்படி வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பாருங்கள்.

கோயில் என்று பார்த்தால், முதலில் திருப்புத்தூர் திருத்தளிநாதர் கோயில், லட்சுமிக்காகச் சிவன் கௌரி தாண்டவம் ஆடிய தலம். பிறகு இரணியூர், வைரவன்பட்டி, இரண்டும் நகரத்தாரின் நகரக் கோயில்கள், அவசரமில்லாமல் தூண் தூணாகப் பார்க்கலாம். ஆனால் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஆவுடையார்கோயிலுக்குப் போய்விடுங்கள். வளைந்து இறங்கும் கல் தாழ்வாரமான கொடுங்கையைப் பார்க்கத்தான் கூட்டம் வரும், கல்லில் மரச்சட்டமும் கம்பியும் மாதிரி இழைத்திருக்கிற அந்தக் கூரையை நீங்களும் பாருங்கள், பார்த்துவிட்டு வீரபத்திரர்களிடம் வாருங்கள். அகோர வீரபத்திரரும் ரண வீரபத்திரரும் போருக்குப் போகிறார்களா ஆடப் போகிறார்களா என்று பிரிக்க முடியாது. கால் விரல் தரையைப் பற்றியிருக்கிற விதத்தைத் தரையில் உட்கார்ந்து வரையுங்கள். முகத்தை வரையாதீர்கள், இடுப்புக்குக் கீழே மட்டும். தள்ளிப் போக முடிந்தால் திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணாபுரம், அங்கே குறத்தி ஒருத்தி ராஜகுமாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறாள். தெய்வமே இல்லாத தூண், சாதாரண மனுஷி, முழு பாரம் தோளில், நடை ஆட்டமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து செய்ய வேண்டிய சோதனை ஒன்று. மண் மாதிரியின் தலையையும் இரண்டு கைகளையும் ஈரத்துணியால் சுற்றி மறைத்துவிட்டு, ஆட்டம் பற்றி ஒன்றும் தெரியாத யாரையாவது கூப்பிட்டு, "இவ என்ன பண்றா?" என்று கேளுங்கள். "கீழ விழப்போறா" என்றால் கம்பியைத் திருத்துங்கள். "சும்மா நிக்கிறா" என்றால் இடுப்பைத் திருத்துங்கள். "ஆடுறா" என்று சொல்லிவிட்டால் துணியை எடுத்துவிட்டு விரலுக்கும் முகத்துக்கும் போகலாம்.

ஆவுடையார்கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்று உள்ளே போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், வரைவதை யாரும் தடுப்பதில்லை. அடுத்த மாதிரியைச் செய்ததும் முன்பக்கப் படத்தோடு இரண்டு பக்கவாட்டுப் படங்களும் தூக்குநூல் தெரியும்படி எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பொருள் என்ன, எத்தனை அடி உயரம், வெயில் மழை படும் இடமா என்பதையும் எழுதுங்கள், சுதையா உலோகமா என்று அப்புறம் பேசலாம்.